சீவல் அக்கா

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'சீவல் அக்கா' என்று பெயர் விழுந்து பதினெட்டு வருஷமாகிறது. நோயாளியிடம் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் ஏற்றுவது அவள் வேலை. அப்போது மின்விசிறி ஓடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது. மெழுகைச் சமப்படுத்தும்போது முதலில் விழும் சீவல்களை எல்லோரும் குப்பையில் தள்ளுவார்கள். அதிலும் துளி சதை இருக்கும் என்று அவள் மட்டும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் குப்பியில் எண் எழுதி எடுத்து வைப்பாள்.

"இவ சீவின உருளைக்கிழங்குத் தோல் வழியா பேப்பர் படிக்கலாம்," என்பார் வீட்டுக்காரர்.

"முதல்ல கண்ணாடி போடாம படிச்சுக் காட்டுங்க."

ஒருநாள் காலை, தொண்டைப் புற்றுநோயின் மரபணுக்களை ஆராயும் டாக்டரம்மா ஓடி வந்தாள்.

"அக்கா, மீன் ஏலக்காரரோடது இன்னும் பத்து சீவல் வேணும். எந்த மரபணு மாறியிருக்குன்னு தெரிஞ்சாத்தான் மருந்தை முடிவு பண்ண முடியும்."

அக்கா அவருடைய மெழுகை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே கடுகளவுதான் மிச்சம்.

"நாலு தேறினா பெரிசு."

"அப்போ தொண்டையில மறுபடி வெட்டி எடுக்கணும்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற ஏலக்காரர் கேட்டுவிட்டார். கரகரத்த குரலில், "ஏம்மா, இன்னொரு தடவை வெட்டினா என்ன மிஞ்சும்? சந்தையில வாயைத் திறந்தா காத்துதான் வரும்," என்றார்.

மெழுகைப் பனிக்கட்டி மேல் வைத்து இறுகவிட்டாள். மின்விசிறியை நிறுத்தி, மூச்சை அடக்கிச் சீவினாள். மூன்று வந்தன. அப்புறம் வெறும் மெழுகு. டாக்டரம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று.

அக்கா இழுப்பறையைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து, எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தாள்.

"இவரோட முதல் சீவல். சுருண்டு கிடக்கு, கண்ணாடியில ஏத்த ஆகாது. கரைச்சு மரபணு எடுக்க ஆகுமில்ல?"

"அக்கா! தாராளமா ஆகும்!"

"இதையெல்லாம் சேத்து வைக்கிறேன்னு என்னைக் கருமின்னு சொன்னது நீங்கதானே?"

"நான் சொல்லலை, மத்தவங்க சொன்னாங்க. நான் சிரிச்சேன், அவ்வளவுதான்."

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அதைப் பார்த்து மருந்தும் முடிவாயிற்று. மறுபடி வெட்ட வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஜன்னலில் ஒரு தலை முளைத்தது.

"அக்கா கையால சீவின சீவல்! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

கூடமே அதிர்ந்தது. அவள் கத்தியின் நுனியைப் பார்த்தாள், அங்கே ஒன்றுமில்லை.

"அண்ணே, மூணாவது தரத்தைச் சந்தையில போய்ச் சொல்லுங்க," என்று தரையில் குனிந்து தேடினாள். "நீங்க போட்ட சத்தத்துல சீவல் பறந்துபோச்சு."