கப்பலுக்கு வழி சொல்ல மாட்டேன்

துறைமுகத்தில் அவரை எல்லாரும் ஆழக்காரர் என்றே கூப்பிட்டார்கள். முகத்துவாரத்தில் எங்கே எவ்வளவு ஆழம், எந்த மணல்திட்டு எந்த மாதம் எந்தப் பக்கம் நகரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்தப் பெரிய கப்பலானாலும் அவர் ஏறிச் சுக்கான் பக்கத்தில் நின்று வழி சொன்னால்தான் உள்ளே வரும், வெளியே போகும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூடத் தரைதட்டியதில்லை. ஆனாலும் கடல்தாண்டி வந்து ஊரை ஆண்டவர்களின் அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது.

அந்த வருஷம், தூரத்தில் புதிதாகப் பிடித்த தீவொன்றில் ரயில்பாதை போட ஆள் வேண்டியிருந்தது. தெருத்தெருவாக வளைத்து நானூறு ஆண்களைக் கப்பலின் அடித்தட்டில் அடைத்தார்கள். சந்தைக்குப் போன ஆழக்காரரின் மச்சானும் அதில் மாட்டிக்கொண்டான்.

காலையில் அவரைக் கூட்டிப்போக ஆள் வந்தது. அவர் துறைமுகம்வரை வந்தார். கப்பல் ஏணியில் மட்டும் கால் வைக்கவில்லை.

"நான் ஏறமாட்டேங்க."

துறைமுக அதிகாரி சிரித்தார். "உன் மச்சான் உள்ளே இருக்கான், தெரியும். அவனை இப்பவே இறக்கிவிடறேன். ஏறு."

ஆழக்காரர் பின்னால் கூட்டத்தில் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தூக்கி வளர்த்த தம்பி. அவள் என்ன சொன்னாலும் கேட்டிருப்பார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "என் தம்பி மட்டும் இறங்கினா, மத்த வீட்டு அக்காதங்கச்சிங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? ஏறாதீங்க."

"கேட்டீங்களா? எல்லாரையும் இறக்குங்க, ஏறறேன்" என்றார் ஆழக்காரர்.

அங்கேயே விலங்கு மாட்டினார்கள்.

அவசரத்திலும் ஆத்திரத்திலும் கப்பல்தலைவன் தானே ஓட்டிப்பார்த்தான். நீர் வற்றும் நேரம். முகத்துவாரம் தாண்டுமுன் கப்பல் மணலில் ஏறிச் சாய்ந்தது. கவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் அடித்தட்டின் கதவுகளைத் திறந்தார்கள். நானூறு பேரும் திட்டின்மேல் இடுப்பளவே இருந்த தண்ணீரில் குதித்தார்கள். கரையிலிருந்த பெண்கள் ஓடிப்போய்க் கைகொடுத்து இழுத்தார்கள். காவலர்களுக்கு யார் கைதி, யார் வேடிக்கை பார்க்க வந்தவன் என்றே தெரியவில்லை.

நாற்பது பேர்தான் திரும்பப் பிடிபட்டார்கள். அதில் மச்சானும் ஒருவன். அடுத்த கப்பலில் அனுப்பினார்கள். ஐந்து வருஷம் கழித்து ஒரு கை விளங்காமல் வந்தான். அக்கா அழுதாள். "நீ அன்னிக்கு வேற மாதிரி சொல்லியிருந்தாதான் எனக்குக் கேவலம்க்கா" என்றான்.

ஆழக்காரர் ஒரு வருஷம் சிறையில் கல் உடைத்தார். உரிமம் போனது. வெளியே வந்து சின்னப் படகு ஒன்றில் மீன்பிடித்தார். புது அதிகாரி ஆளனுப்பினார்: பழையதை மறந்துவிடலாம், வேலைக்கு வரட்டும்.

"மறந்துட்டேங்க, வழியை" என்றார் இவர். "நீங்க மூட்டை கட்டினப்புறம் ஒருவேளை ஞாபகம் வரும்."

சொல்லிவிட்டு, அதிகாரியின் ஜன்னலுக்கு எதிரிலேயே, ஒரு திட்டிலும் உரசாமல் படகைக் கடலுக்குள் விட்டார்.