தாடிக்காரன் கோட்டை

சூடேறிய தூசியும் கருகிய பஞ்சும் கலந்த ஒரு வாசனை உண்டு. பழைய மானிட்டரின் முதுகில் மூக்கை வைத்தால் வரும். எடப்பாடியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை இருந்ததால், ஆறு விசைத்தறிகளிலிருந்தும் பறக்கும் பஞ்சு சோற்றுத் தட்டு முதற்கொண்டு எல்லாவற்றின் மீதும் படியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் விதிவிலக்கா என்ன, அதன் ஓட்டைகள் வழியாக உள்ளே புகுந்து சூட்டில் மெல்லக் கருகிக்கொண்டிருக்கும். மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கு அது ஏழாம் வகுப்பின் வாசனை, ஏனென்றால் அந்த வருடம் முழுக்க அதன் முன்னால் நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

மாமா தன் பிரவுசிங் சென்டரை இழுத்து மூடியபோது எங்களுக்குத் தள்ளிவிட்ட கம்ப்யூட்டர் அது. அதற்குள் ஏற்கனவே ஒரு கேம் இருந்தது. பழங்காலத்து வெள்ளைக்கார ராஜாக்கள் கதை. நாம் ஒரு ராஜாவாக ஊர் அமைத்து, வயல் வைத்து, படை திரட்டி, பக்கத்து ராஜாக்களின் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணனும் நானும் வேலையைப் பிரித்துக்கொண்டோம், அதாவது அவன் பிரித்தான், நான் ஒப்புக்கொண்டேன். படை அவனுடையது, வயல் என்னுடையது. திரையில் விளைந்தது கோதுமைதான் என்றாலும் எங்களுக்கு அது "சோளக்காடு". "நீ சோளத்த அறு பாப்பா, சண்டைய நா பாத்துக்கறேன்" என்பான். முதல் கோட்டை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. அதன் ராஜாவுக்கு நாங்கள் வைத்த பெயர் "தாடிக்காரன்". அண்ணன் ஏழெட்டு முறை படையெடுத்துப் போய் ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வித் திரும்பினான்.

அவன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியது எனக்கு வினையாக முடிந்தது. நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "நா வர்ற வரைக்கும் கோட்டைப் பக்கம் போவாத. சோளத்த மட்டும் சேத்து வெய்யி."

அது மின்வெட்டுக் காலம். இரண்டு மணி நேரம் வரும், மூன்று மணி நேரம் போகும். கரண்டு இருந்தால்தான் தறி ஓடும் என்பதால், இருக்கும்போதெல்லாம் அப்பாவும் அம்மாவும் பட்டறைக்குள் இருப்பார்கள். கரண்டு போனதும் வீட்டுக்குள் வந்து முந்தானையால் விசிறிக்கொண்டு அம்மா பேச ஆரம்பிப்பாள், கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கும். கேம் இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது கேம் இல்லை. அப்படியொரு விளையாட்டு இருப்பதையே என் பெற்றோர் ஒருமுறையும் கண்ணால் பார்த்ததில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அதுதான் உண்மை. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெரிய சிநேகிதிகளும் இல்லை. அண்ணன் போன பிறகு பகலில் நான் பேசிய பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவன் பேசுவது மூன்று நிமிடம். அதில் இரண்டரை நிமிடம் அம்மாவுக்கு. எனக்கு, "சாப்டியா பாப்பா? படிக்கறயா?" அவ்வளவுதான். பெரிய மனுசன் மாதிரி அவன் அப்படிக் கேட்பது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனிடம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லாததுதான் காரணம் என்று நினைத்தேன். தாடிக்காரன் கோட்டையைப் பிடித்துவிட்டால் சொல்ல ஒன்று இருக்கும், அவன் பழைய அண்ணனாகக் கத்துவான். புரட்டாசியில் ஒரு நாள் அவன் பேச்சை மீறி என் படையை ஆற்றைத் தாண்டி நடத்தினேன்.

எனக்குச் சண்டை தெரியாது. சோளம் மட்டும் மலையாகக் குவிந்திருந்தது. தறியில் பூட்டிய பாவு நூலில் இழை அறுந்து அறுந்து விழும் நாட்களில் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டபடி, "பொறுத்தார் பூமியாள்வார்" என்பாள். நானும் கோட்டைச் சுவரைத் தொடவில்லை. வாசலுக்கு வாசல் ஆட்களை நிறுத்தி, உள்ளே ஒரு வண்டி சோளம் போகாமல் மறித்து, என் ஆட்களுக்கு மட்டும் வேளாவேளைக்குச் சோறு அனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மின்வெட்டுக்கு நடுவே கிடைத்த துண்டு நேரங்களில், வாரக்கணக்கில். தீபாவளிக்கு அண்ணன் இரண்டு நாள் வந்தான்; இரண்டு நாளும் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான். கோட்டையை மறித்து வைத்திருப்பதை அவனிடம் சொல்லாமலே அனுப்பிவைத்தேன்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் தாடிக்காரனின் கொடி தானாக இறங்கியது. வாசல் திறந்தது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பட்டறைக்கு ஓடினேன். அங்கே வாய்ப்பேச்சு எடுபடாது, கையால்தான் பேசுவார்கள். இழை அறுந்தால் ஒரு சைகை, ஆள் வந்திருந்தால் ஒரு சைகை. கோட்டையைப் பிடித்ததற்கு என்ன சைகை? இரண்டு கைகளையும் உயரத் தூக்கி வட்டமாக வளைத்து, முஷ்டியை மடக்கிக் காட்டினேன். அம்மா தலையாட்டிவிட்டு, இதோ வந்து தோசை ஊற்றுகிறேன், இரண்டு போதுமா என்று விரலால் கேட்டாள். போதும் என்று தலையாட்டினேன். திரும்பி வந்து, இத்தனை வாரமும் செய்தது போலவே, அண்ணன் வைத்திருந்த ஒரே சேவ் மேலேயே என் வெற்றியையும் சேவ் செய்தேன். திரும்பிப் போகப் பழைய ஆட்டம் ஒன்றும் மிஞ்சவில்லை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியாது.

அடுத்த ஞாயிறு பெற்றோர் பார்க்கும் நாள். சங்ககிரி, திருச்செங்கோடு வழியாக இரண்டு பஸ் மாறிப் போனோம். விடுதிக்கு எதிரே வேப்ப மரங்களுக்கு அடியில் குடும்பம் குடும்பமாக டிபன் கேரியரைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஒட்ட வெட்டிய தலையோடு வந்தான். "ஏஞ்சாமி இப்படி எளைச்சுப் போய்ட்ட?" என்று அம்மா கோழிக் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா தன் பங்குக்கு, "இன்னும் ஒன்றரை வருசந்தானப்பா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்றார். அவர்கள் கை கழுவப் போனதும் செய்தியைச் சொல்லிவிட நான் காத்திருந்தேன்.

அவர்கள் எழுந்து போனதும் அவன் முந்திக்கொண்டான். கால்குலேட்டர் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு கிராஃப் தாளை எடுத்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, மடியில் விரித்தான். தாடிக்காரன் கோட்டை. ஒவ்வொரு கோபுரமும், ஆறும், பாலமும், கட்டம் பிசகாமல். வில்லாட்களுக்குப் புள்ளி, குதிரைக்குப் பெருக்கல் குறி.

"மேக்கால சொவுரு ஒல்லியா இருக்குது பாப்பா. அங்கதான் ஒடைக்கோணும்" என்றான். அப்புறம் என்னைப் பார்க்காமல், "தெனமும் படுத்ததும் இதத்தான் நெனைச்சுக்குவேன். இல்லீன்னா இங்க இருக்க முடியாது" என்றான்.

நான் டிபன் கேரியர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

"நீ கை வெக்கலயில்ல?"

"இல்லண்ணா. சோளம் மட்டுந்தான் அறுத்தேன்."

அண்ணனிடம் நான் சொன்ன முதல் பொய் அது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதேன். அண்ணனைப் பிரிந்த ஏக்கம் என்று அம்மா தலையைத் தடவிக்கொண்டே வந்தாள்.

ஒரு கோட்டையைப் பிடிப்பது கஷ்டம் என்பார்கள். பிடித்த கோட்டையைப் பகைவனிடம் திருப்பித் தோற்பது அதைவிடக் கஷ்டம். அண்ணன் லீவில் வந்து பிடிப்பதற்கு அது தாடிக்காரன் கையில் இருந்தாக வேண்டும். ஓடிப்போன தாடிக்காரன் மலைக்கு அப்பால் ஒரு சின்னப் பாசறையில் கிடந்தான், திரும்பி வர அவனுக்குத் துணிச்சல் இல்லை. காவல் ஆட்களை வெளியேற்றினேன், வாசலைத் திறந்து போட்டேன், வரவில்லை. இதற்குள் உள்ளே சனங்கள் குடியேறி, வீட்டுக்கு வீடு புகை வந்துகொண்டிருந்தது. பார்க்கவே அழகாக இருக்கும். கடைசியில் ஒரே ஒரு ஈட்டிக்காரனை அனுப்பித் தாடிக்காரனைச் சீண்டவிட்டு, பின்னாலேயே இழுத்து வந்தேன். தை போய் மாசியில்தான் கோட்டை அவன் கைக்குப் போனது. சனங்கள் பாலத்தில் ஓடிய ஓட்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை, மானிட்டரை அணைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நானாகச் சாதித்தது அது ஒன்றுதான், அதையும் என் கையாலேயே கலைத்தேன் என்று அன்று அவ்வளவு ஆத்திரமாக இருந்தது, யார் மீது என்றுதான் தெரியவில்லை.

சித்திரையில் அண்ணன் பத்து நாள் லீவில் வந்தான். கிராஃப் தாளை மேசையில் ஒட்டினான். "சோளம் இவ்வளவுதானா? மிச்சமெல்லாம் எங்க?" என்றான்.

"எலி தின்னிருக்கும்."

"கேமுக்குள்ள எலியா!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மறுநாள் மேற்குச் சுவரை உடைத்துக் கோட்டையைப் பிடித்தான். என்னைத் தூக்கிச் சுற்றினான். நானும் கை தட்டினேன், நடிப்பாக இல்லை, சந்தோஷமாகத்தான் தட்டினேன். பத்து நாளும் அவன் நன்றாகச் சாப்பிட்டான்.

அதெல்லாம் போயிற்று. தறிகளை எடைக்குப் போட்டுப் பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டார் அப்பா. கம்ப்யூட்டர் எந்தக் காயலான் கடையில் நசுங்கியதோ. இப்போது எங்கள் தெருவில் கரண்டு போவதில்லை. போனாலும் யாரும் எழுந்து இன்னொருவர் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை. அண்ணன் ஹைதராபாத்தில் இருக்கிறான். போன மாதம் என் மகனின் காதுகுத்துக்கு வந்தவன், பந்தியெல்லாம் முடிந்து பாயில் படுத்திருந்த பிள்ளைகளைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்து, தாடிக்காரன் கோட்டையைத் தான் பிடித்த கதையைச் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான், எனக்கே மயிர்க்கூச்செடுத்தது.

அவன் அந்த வெற்றியை வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அதை வைத்துத்தான் அவன் அந்த விடுதியைத் தாண்டினான். என் வருத்தமெல்லாம் வேறு. நான் இல்லாத அந்த வீட்டில் நீ எப்படி இருந்தாய் என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.