ஏழுமலை பேசிய இரண்டு வரி

1. செல்வி கேட்டது

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஒரு வீடியோ கேசட் லைப்ரரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தக் கடை போட்டேன். கேசட் போய் விசிடி வந்தது, விசிடி போய் டிவிடி வந்தது. கேட்ட படம் இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது என் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தால் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

கிளியனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்த செல்வி ஒருநாள் மத்தியானம் கடைக்கு வந்தார். ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, அது டிவிடியில் முழுசாக வருமா, வெட்டி வருமா என்று கேட்டார். திண்டிவனத்தில் நாலு நாள்கூட ஓடாத படம் அது. அதற்கு ஆள் தேடி வந்ததே எனக்கு ஆச்சரியம்.

விஷயத்தை அவரே சொன்னார். அவருடைய அப்பா ஏழுமலை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்தவர். அவர் நிலத்தில் இரண்டு நாள் ஷூட்டிங் நடந்தது. டைரக்டருக்கு அவர் முகம் பிடித்துப்போய், ஹீரோவுக்கு வழி சொல்கிற ஆளாக நிற்க வைத்து இரண்டு வரி பேசச் சொல்லியிருக்கிறார். படம் வருவதற்குள் ஏழுமலை மாரடைப்பில் போய்விட்டார்.

"கல்யாண கேசட்டுல அப்பா இருக்காருண்ணா. ஆனா மேல பாட்டப் போட்டு வெச்சிருக்காங்க. அவரு பேச்சு எங்கயுமே இல்ல. இதுல மட்டுந்தான் இருக்குது."

சென்னையில் முதல் நாள் படம் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், ஏழுமலை மாமா முகம் பெரிசாகத் தெரிந்தது, தியேட்டர் கூச்சலில் பேச்சுதான் காதில் விழவில்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் திண்டிவனத்துக்குப் படம் வந்து குடும்பமே போய் உட்கார்ந்தபோது அந்த சீன் இல்லை.

2. சாயந்திரத்துக்குள்

தியேட்டர் ஆபரேட்டர் எனக்குப் பழக்கம். அவரிடம் விசாரித்தேன். மூன்றாம் நாளே நீளம் அதிகம் என்று சென்னையில் வெட்டிவிட்டார்கள், நமக்கு வந்ததே வெட்டின பிரிண்ட் என்றார். முதலில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டதற்கு, ரெண்டு மணி இருபத்தாறு நிமிஷம் என்று பெட்டியோடு வந்த பேப்பரைப் பார்த்துச் சொன்னார். திருட்டு டிஸ்க் ஒன்று மார்க்கெட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தேன். வயல் வரப்பில் நடந்துகொண்டிருக்கும் ஹீரோ அடுத்த ஷாட்டில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒன்றும் இல்லை.

ஒரிஜினல் டிவிடிக்கு ஆன்லைனில் ப்ரீ ஆர்டர் திறந்திருந்தார்கள். ஓடாத படம் என்பதால், ஆர்டர் வருகிற அளவுக்கு மட்டும்தான் போடுவோம் என்று எழுதியிருந்தது. ஆர்டர் கொடுத்தால் ரத்து செய்ய முடியாது. படம் எத்தனை நிமிஷம் என்பது மட்டும் அதில் இல்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். டிவிடி போடுவதற்கான மாஸ்டர் காப்பி எங்கள் கைக்கே இன்னும் வரவில்லை, எந்த நீளம் என்று சொல்ல முடியாது என்று ஒரு பெண் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசி நாளன்று செல்வி மறுபடி வந்தார். சாயந்திரம் ஆறு மணிக்கு ஆர்டர் மூடுகிறது. பக்கத்து பிரவுசிங் சென்டரில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். டிஸ்க் வெளிவந்து இரண்டாவது நாள் அவர் அப்பாவின் வருஷத் திதி. அன்றைக்கு அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"எங்கம்மாகிட்ட வருதுன்னு சொல்லிட்டு, அப்புறம் இல்லன்னா அவங்க தாங்க மாட்டாங்கண்ணா. நீங்களே சொல்லுங்க, போடலாமா வேணாமா?"

எனக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஐந்தேமுக்கால் ஆகிவிட்டது. இன்றைக்கு விட்டால் பிறகு கிடைக்காது. "அப்பா குரல் இருக்கும்மா. ஒரிஜினல்ல வெட்ட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு பட்டனை அமுக்கினேன். பக்கம் சுற்றிக்கொண்டே நின்றது. கடைசியில் ஆர்டர் நம்பர் வந்தது.

அடுத்த பத்து நாளும் கடையில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவரோ என்று திடுக்கிட்டேன். பதினோராவது நாள் அந்த ஆர்டர் பக்கத்தில் படத்தின் நேரம் போட்டார்கள். நூற்று நாற்பத்தாறு நிமிஷம், ஆபரேட்டர் சொன்ன அதே நீளம். முழுப் படம். உடனே செல்விக்குப் போன் செய்தேன்.  அம்மாவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். தாராளமாகச் சொல்லம்மா என்றேன்.

3. விழுப்புரம் குடோன்

திதிக்கு முதல் நாள் வரை டிஸ்க் கடைக்கு வரவில்லை. விழுப்புரம் வந்துவிட்டது என்று மட்டும் நெட்டில் காட்டியது. பஸ் ஏறி அங்கே கூரியர் குடோனுக்குப் போனேன். திண்டிவனம் பை தவறிப்போய் பாண்டிச்சேரி வண்டியில் ஏறிவிட்டது என்றார்கள். நான் நகரவில்லை.

"இன்னா சார் இவ்ளோ பேஜாரு பண்றீங்க, ஒரு சினிமா டிஸ்க்குதான?" என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர்.

ஏழுமலை கதையைச் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்தார். வளவனூர் தாண்டிப் போயிருந்த வண்டியை ரோட்டோரம் நிறுத்தச் சொல்லி, என்னைத் தன் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். அந்த மனிதர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

4. திதி அன்று

செல்வி வீட்டில் படையல் முடிந்ததும் டிஸ்க்கைப் போட்டோம். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். செல்வியின் அம்மா கன்னியம்மா டிவிக்கு நேராக, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார்.

வயல் வந்தது. ஏழுமலை வந்தார். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. ஹீரோ வழி கேட்டான். ஏழுமலை வாயைத் திறந்தார்.

"இங்கிட்டே நேராப் போங்க தம்பி. கம்மா வரும், அங்கன போயி கேளுங்க."

ஏரியைக் கம்மா என்கிற மதுரைப் பக்கத்துப் பேச்சு. கனத்த குரல். 

"இது எங்கப்பா இல்ல" என்றார் செல்வி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதை மதுரைப் பக்கம் நடப்பது. இந்த ஊரை அந்த ஊராகக் காட்டியிருக்கிறார்கள். புது ஆட்களுக்கு வேறு யாரையாவது பேச வைத்துத்தான் டப்பிங் செய்வார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன், இது எனக்குத் தெரியாத விஷயமா? நிமிஷத்தைக் கேட்டேன், ஆபரேட்டரைக் கேட்டேன், கம்பெனியைக் கேட்டேன். குரல் யாருடையது என்று மட்டும் கேட்கவில்லை. எழுந்து போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் இருந்தேன்.

கன்னியம்மா திரும்பிப் பார்க்காமல், "சத்தத்தக் கொறைச்சிட்டு இன்னொரு தடவ போடுங்க" என்றார்.

ரிமோட்டில் சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பின்னால் ஓட்டினேன். ஏழுமலை மறுபடி வந்தார், வாயைத் திறந்தார். கன்னியம்மா அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு, அது அசைய அசையக் கூடவே சொன்னார்:

"நேரா போய்க்கினே இரு. ஏரி வரும். அங்க எவனையாவது கேளு."

"ஏரின்னுதான் சொல்றாரு" என்றார் செல்வி. உதடு நன்றாகத் தெரிந்தது. கம்மா என்று சொன்னால் உதடு மூட வேண்டும். அந்த இடத்தில் இவர் உதடு மூடவில்லை.

ஆறு தடவை போட்டேன். ஆறு தடவையும் கன்னியம்மா சொன்னார். கடைசித் தடவை கூடத்தில் இருந்த எல்லோருமே மெதுவாகச் சேர்ந்து சொன்னார்கள்.

கிளம்பும்போது, தப்பு என்னுடையது, டிஸ்க்கை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று செல்வியிடம் சொன்னேன்.

"வேணாண்ணா. வாய் எங்கப்பாவுதுதான். இனிமே யார் கேட்டாலும் தெரியாதத தெரியாதுன்னு சொல்லிடுங்க. அது போதும்."

அதற்குப் பிறகும் பல வருஷம் ப்ரீ ஆர்டர் எடுத்துக் கொடுத்தேன். யார் வந்தாலும், படத்தின் பெயரைக் கேட்டதும் அடுத்தபடியாக, அதில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன். அது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்பேன். சிலர் யோசித்துவிட்டு ஆர்டர் போடாமலே போனார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.