ஒயர் எட்டும் தூரம்

சுனந்தா ஹிரேமட், ஹுப்பள்ளியில் வீட்டிலிருந்தே ஒரு பஸ் கம்பெனிக்குப் போன் எடுக்கிறவள். பஸ் வரவில்லை, ஏசி ஓடவில்லை என்று கத்துகிறவர்களைக் கன்னடத்திலும் இந்தியிலும் தணிக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட கோபக்காரனும் அவள் குரலுக்கு அடங்கிவிடுவான். அடங்காதவர் அவளுடைய அப்பா சிவப்பா ஒருவர்தான்.

ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நினைவு தப்பிய பிறகு, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று எந்நேரமும் வாசலைப் பார்த்தே நடந்தார். கதவைப் பூட்டியபோது கை முட்டி பிளந்து ரத்தம் கொட்டும்வரை அதைக் குத்தினார். தையல் போட்டுக் கூட்டிவந்ததிலிருந்து சுனந்தா பூட்டைத் தொடவில்லை.

கம்பெனி கொடுத்த ஹெட்போனில் ஒயர் இருந்தது. அது மேஜையைத் தாண்டி இரண்டடிகூட எட்டாது. அப்பா படி இறங்குவது தெரியும். பாதிப் பேச்சில் எழுந்திருக்க முடியாது. மேற்பார்வையாளர் பிரசன்னாவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"சார், ஒயரில்லாததைப் போட்டுக்கட்டுமா?"

"வேண்டவே வேண்டாம் மேடம். குரல் அறுந்துச்சுன்னா மேலேயிருந்து என் கழுத்தைப் பிடிப்பாங்க. அப்புறம் நீங்க தினமும் ஆபீஸுக்குத்தான் வரணும்."

ஆபீஸுக்குப் போனால் அப்பாவை யாரிடம் விடுவது? இருந்தும் கொப்பிகர் ரோட்டுக் கடையில் ஒயரில்லாத ஒன்றை யாருக்கும் சொல்லாமல் வாங்கினாள். சில நாள் மூச்சு விட முடிந்தது. "மன்னிச்சிடுங்க சார், இதோ பார்க்கறேன்" என்று பேசிக்கொண்டே அப்பாவின் பின்னால் நடந்தாள், அவருக்கு அவல் ஊட்டினாள்.

அப்புறம்தான் தாவணகெரேயிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள். கழிப்பறைக்கு இறங்கியவளை விட்டுவிட்டு பஸ் கிளம்பிவிட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தையும் பஸ்ஸோடு போய்விட்டது.

"அக்கா, என் பிள்ளை அக்கா! டிரைவருக்குச் சொல்லுங்க அக்கா!"

"அழாதீங்கம்மா. பஸ் நம்பரை மட்டும் சொல்லுங்க."

அப்பா கேட்டைத் திறந்துகொண்டு நடந்தார். சுனந்தா பின்னாலேயே ஓடினாள். தெருவில் கால் வைத்ததும் காதில் கரகரப்பு. ஓரடி பின்னால் வந்தால் அந்தப் பெண்ணின் அழுகை கேட்டது. முன்னால் போனால் ஒன்றுமில்லை. அப்பா மெயின் ரோட்டு முனையை நெருங்கிவிட்டார். பஸ் நம்பரில் பாதிதான் காதில் விழுந்திருந்தது.

அவள் அப்பாவை நோக்கி ஓடினாள்.

இரண்டு லாரிகளுக்கு நடுவே அவர் கையைப் பிடித்து இழுத்தபோது, "விடும்மா, சைரன் ஊதிட்டான். யார் நீ?" என்று உதறினார்.

வீட்டுக்கு வந்து திரும்பக் கூப்பிட்டாள். அந்தப் போன் அணைந்து கிடந்தது. பிரசன்னாவைப் பிடித்து அந்த வழி பஸ்களுக்கெல்லாம் தகவல் சொல்ல வைத்தாள். குழந்தை அடுத்த நிறுத்தத்தில் நடத்துநரிடம் பத்திரமாக இருப்பதாகச் செய்தி வரும்வரை அந்தப் பெண்ணின் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை கிடைச்சதால பிழைச்சீங்க. நாளையிலேர்ந்து ஒயர்தான். இல்லேன்னா ஆபீஸ்," என்றான், அறுந்துபோன பேச்சின் பதிவைக் கேட்டுவிட்ட பிரசன்னா.

மறுநாள் அவள் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்தாள். ஒரு முனையை அப்பாவின் இடுப்பிலும் மறுமுனையைத் தன் இடுப்பிலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் வாசல் பக்கம் இழுக்க இழுக்க, நாற்காலி நகர நகர, குரல் குலையாமல் பேசினாள்.

மோர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு கங்கவ்வா அந்த முடிச்சுகளைப் பார்த்துவிட்டாள். போன் ஓயும்வரை பொறுத்திருந்து வெடித்தாள்.

"அடிப் பாவி! பெத்த அப்பனை எருமை மாதிரிக் கட்டிப் போட்டிருக்கியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்குக்கா. நீங்க பிடிச்சுக்கங்க, இப்பவே அவிழ்க்கறேன்."

கங்கவ்வா மோரை வைத்துவிட்டுப் போனாள். ஊரெல்லாம் சொல்லப் போகிறாள் என்று சுனந்தா நினைத்தாள். மறுநாள் மத்தியானம் கங்கவ்வா ஒரு முறம் மிளகாயோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சிவப்பண்ணா, இந்தக் காம்பெல்லாம் கிள்ளிக் கொடுத்தாத்தான் பட்டறைக்குள்ள விடுவாங்களாம்," என்றாள்.

அவர் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தார். சுனந்தா முடிச்சை அவிழ்த்தாள். சேலை அழுந்திய இடம் அவள் இடுப்பில் சிவந்து தடித்திருந்தது.

தன் மருமகள் வேலை முடிந்து வருவதற்குள் கங்கவ்வா சமைக்க எழுந்து போக வேண்டும். போனாள். சுனந்தா ஹெட்போனைக் கழற்றாமலே குனிந்து, அப்பாவின் இடுப்பில் சேலையை மறுபடி சுற்றினாள்.

"யாரும்மா நீ?"

"சூப்பர்வைசர். ஷிப்டு முடியலை, உட்காருங்க."