சகலை கொடுத்த நீள லென்ஸ்

என் சகலைக்கு அந்த நீள லென்ஸ் கிடைத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கும் கிராணி. ஊர் திரும்பிய கப்பல் இன்ஜினியர் ஒருவன் அவரிடம் விட்டுப் போனானாம். போருக்கு முன்னால் ஜெர்மனியில் செய்தது. கறுப்பும் வெள்ளியுமாக, கையில் வாங்கினால் கும்மென்று கனத்தது. அந்த மனுஷன் கேமரா வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அதுவும் என்னைப் பார்த்து, என்னிடம் இருந்த அதே ஜப்பான் கேமராவாகவே வாங்கியிருந்தார். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இப்பேர்ப்பட்ட லென்ஸ்! வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து மாமனார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் எதுவானாலும் படம் எடுத்தது நான்தான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்சந்தில், ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில் அவர்கள் வீடு. லென்ஸ் வந்த மறுவாரமே அத்தை, அதாவது என் மாமியார், கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறும் சுவரைக் காட்டி, "மாமா காவடி எடுக்கிற படத்தை இங்க மாட்டணும். சின்ன மாப்பிள்ளை தூரத்துல இருந்தே மூஞ்சிய எடுத்துடுவாராம்லா" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்து வருஷம் நான் எடுத்துக் கொடுத்ததெல்லாம் ஒரே நாளில் பழசாகிப் போச்சு.

அந்தக் காவடி எனக்காக நேர்ந்துகொண்டது. முந்தின வருஷம் டைஃபாய்டில் நாற்பது நாள் கிடந்தேன். மூத்த மாப்பிள்ளை எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக மாமா வேண்டிக்கொண்டார். அறுபது வயதில் அப்படி வேண்டிக்கொள்ள ஒரு மனசு வேண்டும். காவடிக்காரருடன் வீட்டு ஆள் ஒருவர் முக்காலி தூக்கிக்கொண்டு கூடவே நடப்பது வழக்கம். நிற்கிற இடத்தில் உட்காரப் போட வேண்டும், முகம் துடைத்துவிட வேண்டும், தள்ளாடினால் பிடிக்க வேண்டும். வேண்டுதலே எனக்காக என்னும்போது அந்த முக்காலி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நான் முக்காலி, அவர் கேமரா. அப்படித்தான் முடிவானது.

தைப்பூசத்தன்று காலை பெருமாள் கோயிலில் மாமாவுக்குக் காவடி ஏற்றினார்கள். பெண்கள் எல்லோரும் முன்னாலேயே, காவடி போய்ச் சேரும் டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய்விட்டார்கள். மாமாவுக்கு அருள் வந்துவிட்டது, கண் திறந்திருந்தும் எதையும் பார்க்கவில்லை. சகலை கழுத்தில் அந்த லென்ஸ் மாட்டிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"லென்ஸ் நீளமா இருந்தா ஆச்சா தம்பி? பிடிக்கிற கைக்குத் தெரியணும்லா" என்றேன்.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "நியாயந்தான் அண்ணே. எனக்கும் கை நடுங்குது. நீங்களே பிடிங்க, நான் முக்காலியைப் பாத்துக்கிறேன்" என்று லென்ஸோடு கேமராவையே கழற்றிக் கையில் கொடுத்தார். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன ஃபைண்டர். "இதை மேல மாட்டிக்குங்க. இந்தக் கேமராவுல…"

"தெரியும்யா, தெரியும்" என்று வெட்டிவிட்டேன். பத்து வருஷமாகப் படம் எடுக்கிறவனுக்கு இவர் பாடம் நடத்துகிறார்!

எனக்குத் தெரியத்தான் செய்தது. அந்த மாதிரிக் கேமராவில் நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்தில் உள்ள வேறொரு ஜன்னல் வழியாக. எந்த லென்ஸைப் போட்டாலும் ஜன்னலில் தெரிவது மாறாது. ஜன்னலின் நடுவில் இரட்டையாகத் தெரியும் உருவத்தை லென்ஸைத் திருப்பி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பிறகு கண்ணை எடுத்து, மேலே மாட்டிய ஃபைண்டரில் வைத்தால்தான் நீள லென்ஸ் எவ்வளவு பிடிக்கும் என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? பத்து வருஷப் பழக்கம் கண்ணை விடவா செய்யும்?

கூட்டத்துக்கு முன்னால் ஓடி, பாதி வழியில் டோபி காட் என்ற இடத்தில் ஒரு கோப்பிக் கடைத் தூணில் சாய்ந்து நின்றேன். தூரத்தில் மயிலிறகு தெரிந்ததும் ஒழுங்காக ஃபைண்டரில் பார்த்து நாலு படம் எடுத்தேன். லென்ஸ் கனம், கை ஆடியது எனக்கே தெரிந்தது. கை நடுங்குதுன்னு சொன்னது அவர், நடுங்கியது என் கை! சுருளில் மிச்சமிருந்ததே ஐந்து படம்தான், அந்த எரிச்சலில் கடைசிப் படத்துக்கு வந்துவிட்டேன். மாமா நாலைந்து கஜ தூரத்தில் நின்றார். முகத்தில் குறி வைத்து உருவத்தைச் சேர்த்தேன். ஜன்னலில் காவடியின் வளைவு முதல் பாதம்வரை அம்சமாக நிறைந்தது. மாமா பக்கத்தில் யாரோ குறுக்கே வந்தார்கள். பெரிதாக்கும்போது வெட்டிக்கொள்ளலாம் என்று அமுக்கிவிட்டேன். கண்ணை மேலே கொண்டுபோக வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

டேங்க் ரோடு வாசலில் முக்காலியையும் துண்டையும் சகலையிடமிருந்து வாங்கிக்கொண்டு கேமராவை அவரிடம் கொடுத்தேன். உள்ளே பெண்கள் பார்த்தபோது நான் முக்காலியும் கையுமாக மாமா பக்கத்தில் நின்றேன். காவடியை இறக்கியதும் மாமா மூச்சு வாங்கிக்கொண்டே எல்லோரிடமும் சொன்னார். "டோபி காட்டுல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. விழுந்துட்டேன்னுதான் நெனச்சேன். மூத்த மாப்ள தாங்கிப் புடிச்சு மூஞ்சியைத் தொடச்சு விட்டாரு. பெத்த புள்ள செய்யமாட்டான்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சகலையைப் பார்த்தேன். அவர் குனிந்து கேமராவுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

சகலையிடம் ஃபிலிமை வாங்கி நானே கழுவினேன். நாலு படமும் ஆட்டம். ஐந்தாவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காவடி இல்லை, மயிலிறகு இல்லை, பாதம் இல்லை. நடுத்துண்டை மட்டும் லென்ஸ் எடுத்திருந்தது. மாமாவின் முகம், மூடிய கண், ஒவ்வொரு வியர்வைத் துளியும். துண்டு பிடித்த ஒரு கை அவர் கன்னத்தைத் தாங்கியிருக்க, அவர் குழந்தை மாதிரி அதில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கண் கலங்கி நின்றது சகலை. என் வாழ்நாளில் அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. அது தப்பாக எடுத்த படம், அதிலும் அவர்!

தெரிந்த ஸ்டூடியோவின் இருட்டறையில் பெரிதாக்கும்போது சகலையை வெட்டினேன். முகம் போனது, தோள் போனது. கை மட்டும் போகவில்லை. கன்னத்தை வெட்டாமல் கையை வெட்ட வழியில்லை. போகட்டும், கையில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். "சின்ன மாப்பிள்ளை எடுத்த படம் எப்ப வரும்?" என்று அத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டார். பொறுக்க முடியவில்லை. உறையிலிருந்து எடுத்து நீட்டி, "இந்தாங்க அத்தை. நான் எடுத்தது" என்றேன்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் மனைவி பெருமையோடு தங்கச்சியைப் பார்த்தாள். அடடா, பத்து வருஷத்தில் அப்படி ஒரு நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை. மாமா படத்தை வாங்கி, விரலால் தொட்டு, "இதோ பாரு, மாப்ள கை! நான் சொன்னேன்ல?" என்றார்.

அத்தை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க கைன்னா, படம் புடிச்சது யாரு?"

பத்து பேர் என்னையே பார்த்தார்கள்.

"நான்தான் அத்தை புடிச்சேன்" என்றார் சகலை. "கழுவிப் பெருசாக்கினதெல்லாம் அண்ணன். அதைத்தான் அப்படிச் சொல்றாரு."

"அதானே பார்த்தேன். அந்த லென்ஸ் இல்லாம இப்படி வருமா?" என்றார் அத்தை.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாரா, அந்தச் சுவரில் தன் படம் தொங்க வேண்டும் என்று சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. காப்பாற்றத்தான் என்று நினைத்தால் இன்னும் அதிகமாக எரிகிறது. படம் என்னுடையது என்று கத்த வாய் துடித்தது. கத்தினால் அந்தக் கை என்னுடையது இல்லை என்று ஆகிவிடும்.

மாமா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். என் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இந்தக் கைதான்" என்றார். சகலை எங்களுக்கு முதுகு காட்டி நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.