துலாக்கயிற்றில் நேரான இழை

அக்காவை நான் கடைசியாகக் கோபத்தோடு பார்த்தது தலைகீழாக. நில அளவையாளரின் பித்தளைத் தொலைநோக்குக் கண்ணாடிக்குள் கால் வானத்திலும் கொண்டை மண்ணிலுமாக அவள் நின்றாள். அந்தக் காலத்துக் கண்ணாடிகள் உலகத்தைப் புரட்டித்தான் காட்டும். எங்களுக்கு நடுவே கிணற்றில் நீர் இறைக்கும் துலாவின் கயிறு தொங்கியது. கண்ணாடிக்குள் இருந்த மெல்லிய இழை அதன்மேல் இம்மியும் பிசகாமல் படிந்திருந்தது.

உடுவில் ஊரில் எங்களைப் பெற்ற அப்பு தம் தோட்டத்தை இரண்டாக்கி எங்கள் இருவருக்கும் சீதனமாகக் கொடுத்திருந்தார். நடுவில் வேலி. எங்கள் ஊர் வேலி சும்மா நிற்குமா? ஆண்டுதோறும் அடைக்கும்போது பட்டுப்போன கதியால் தடியைப் பிடுங்கிவிட்டுப் புதுத்தடி நடுவார்கள். அத்தான் நட்டால் வேலி எங்கள் பக்கம் ஒரு சாண் வரும். என் வீட்டுக்காரர் நட்டால் அவர்கள் பக்கம் ஒரு சாண் போகும். நட்டவர்கள் ஆண்கள், முகம் முறித்துக்கொண்டவர்கள் நாங்கள். கடைசியில் கிணறு யாருடையது என்று வழக்காகிவிட்டது. கிணறு போனால் என் வெங்காயப் பாத்தியில் புழுதிதான் மிஞ்சும்.

நிலத்தை அளக்க நீதிமன்றம் அனுப்பிய சேவையர் ஐயா காலையிலேயே வந்து, பழைய எல்லைக்கல்லிலிருந்து கோடு பிடித்து முளை அடித்தார். கோடு கிணற்றுக்கு அப்பால், அக்காவின் பக்கமாகப் போனது. கிணறு முழுவதும் எனக்கு! என் வீட்டுக்காரர் ஐயாவுக்கு இளநீர் வெட்ட ஓடினார். கண்ணாடியைப் பெட்டியில் வைக்குமுன் ஐயா சும்மா ஒருமுறை அதன்வழியே துலாக்கயிற்றைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. முக்காலியும் மட்டம் காட்டும் குமிழியும் சரியாகத்தான் இருந்தன. உள்ளே இழைதான் நேரே தொங்கிய கயிற்றை விட்டுச் சரிந்து நின்றது.

"முளையெல்லாத்தையும் பிடுங்குங்கோ" என்றார்.

"போட்ட கோடு போட்டதுதானே ஐயா, இனி ஏன் ஆட்டுறியள்?" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்தார்.

"கண்ணாடிக்குள்ளை இருக்கிற கம்பி சரிஞ்சு நிக்குது தம்பி. சரிஞ்ச கம்பியாலை பார்த்த கோடு கோடில்லை."

வாளியைக் கிணற்று நீரில் பாதி அமிழ விட்டு, கயிற்றின் ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கண்ணாடியின் சின்னஞ்சிறு திருகாணிகளைத் தளர்த்தி, நகத்தால் தட்டித் தட்டி வளையத்தைத் திருப்பினார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க மெய்சிலிர்த்தது. பேசாமல் பெட்டியை மூடியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அவருக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கும். அது அவருக்குப் போதுமாயிருந்தது.

"பிள்ளையள், இரண்டுபேரும் வந்து பாருங்கோ. பிறகு சேவையர் ஏமாத்திப்போட்டான் எண்டு கதைக்கக்கூடாது."

முதலில் நான் பார்த்தேன்; கயிற்றுக்கு அப்பால் அக்கா நின்றாள். பிறகு அக்கா குனிந்தாள். நான் கயிற்றுக்கு அப்பால் போய் நின்றேன்.

"எடியே, தலைகீழா நிக்கிறாய்!"

வழக்குத் தொடங்கிய பின் அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

புதுக்கோடு கிணற்றுக்கட்டின் குறுக்காகப் போனது. கிணறு இருவருக்கும் பொதுவாயிற்று. ஒருநாள் அவள் முறை, மறுநாள் என் முறை. ஐயாவுக்கு அந்த இளநீரை அக்காதான் ஊற்றிக் கொடுத்தாள்.

இன்று அக்கா இல்லை. அவள் பிள்ளைகள் கொழும்புக்கே போய்விட்டார்கள். முழுத் தண்ணீரையும் நானே இறைத்துக்கொள்ளலாம், கேட்க ஆளில்லை. ஆனாலும் அவளுடைய முறை நாளில் நான் துலாவைத் தொடுவதில்லை. கயிறு அன்று முழுவதும் நேராகத் தொங்கிக்கொண்டிருக்கும்.