மனுவில் நான் சேர்த்த ஒரு பாரா

போன செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு பழுப்புக் கவர் வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக நாங்கள் காத்துக் கிடந்த கவர்.

என் மச்சினன் தாமோதரன் பெயருக்கு வந்தது. என் மனைவி வசந்தாவின் தம்பி. மிலிட்டரியில் ஒன்பது வருஷம் இருந்தவன். வலிப்பு வருகிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது பட்டாபிராமில் எங்களோடுதான் இருக்கிறான்.

அவன் வேலைக்குப் போயிருந்தான். கவரை சாமி படத்தின் காலடியில் வைத்தேன். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். அப்புறம்தான் பிரித்தேன்.

உள்ளே முழுக்க இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான் என்பது, பேப்பரில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ‘ரிவ்யூ’, ‘மெடிக்கல் போர்டு’... இரண்டு வார்த்தை புரிந்தது. மீதியெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர். மனு போடலாம் என்று எங்களுக்கு வழி காட்டியவரே அவர்தான். கவரோடு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

“சின்ன வயசுல வலிப்பு வந்ததுன்னு மனுவுல யாருவே எழுதினது?”

நான்தான் என்றேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஒரு மலை ரோட்டில், சாமான் ஏற்றிய லாரியிலிருந்து தாமோதரன் தவறி விழுந்தான். தலையில் அடி. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு டியூட்டிக்குத் திரும்பினான். எட்டு மாதம் கழித்து முதல் வலிப்பு. அப்புறம் அடிக்கடி. டாக்டர்கள் போர்டு வைத்துப் பார்த்தார்கள். ‘இது பட்டாளத்து வேலையால் வந்த நோய் அல்ல’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ‘அல்ல’ என்ற ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. வேலையால் வந்த நோய் என்றால் கடைசி வரைக்கும் பென்ஷன் உண்டு. மரியாதையும் உண்டு. ‘அல்ல’ என்றால் வீட்டோடு கிட என்று அர்த்தம்.

வெளியில் வேலை கிடைத்ததா? அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலைந்து கம்பெனி ஏறி இறங்கினான். டிஸ்சார்ஜ் புக்கைப் புரட்டுவார்கள். “மெஷின் பக்கம் உங்களை விட முடியாதுங்க” என்பார்கள். இப்போது ஸ்டேஷன் பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான்.

ஒருநாள் காலை, பிளாட்பாரத்தில் ஆபீஸ் போகும் கூட்டத்துக்கு நடுவில் விழுந்துவிட்டான். தண்டவாளத்துக்கும் அவன் தலைக்கும் ஒரு முழம்தான். ஆளுக்கொரு இரும்பைத் தேடி அவன் கையில் திணித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்:

“முழிச்சிப் பார்த்தா கையில நாலு ஊட்டுச் சாவிக்கொத்து கீதுக்கா! எந்த ஊட்டை வோணாத் தொறந்து பூந்துக்கலாம்.”

அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் சுபேதாரைப் போய்ப் பார்த்தோம்.

“முடிவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி மனு போடலாம்வே” என்றார். “எங்க விழுந்தான், என்னைக்கு விழுந்தான், எந்த ஆஸ்பத்திரி. அதோட நிறுத்தும். வேற ஒரு வார்த்தை கூடாது.”

நிறுத்தினேனா?

பேப்பரில் எழுதுகிறவன் என்ற பேர் எனக்கு. ரேஷன் கார்டு மனுவானாலும் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். ‘உங்கள் கடைசி வரியில் கண்ணீர் வந்துவிட்டது’ என்று நீங்கள் போடுகிற கார்டுகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த மப்பு. லாரி, தேதி, ஆஸ்பத்திரி என்று எழுதி முடித்ததும் மனு மொட்டையாகத் தெரிந்தது. படிக்கிற அதிகாரியும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே, அவர் மனசைத் தொட வேண்டாமா? இன்னொன்றும் தோன்றியது... இத்தனை தூரம் அவனைக் காப்பாற்றிக் கொண்டுவந்த அம்மனுக்கு அதில் ஒரு வரி இல்லாவிட்டால் நன்றிகெட்டவன் ஆகமாட்டேனா?

என் மாமியார் பாரிவாக்கத்தில் இருக்கிறார். ஒவ்வொரு ஆடியிலும் கூழ் ஊற்றும்போது ஒரு கதை சொல்லுவார். ரெண்டு வயதில் தாமோதரனுக்கு ஜுரம் கண்டு, கண் செருகி, கை கால் இழுத்துக்கொண்டதாம். அம்மன் வாசலில் கிடத்தி, தீர்த்தம் தெளித்ததும் பிள்ளை கண் திறந்தானாம். பத்துப் பதினைந்து தரமாவது கேட்டிருப்பேன்.

அதை எழுதினேன். இப்படி:

‘இவன் இரண்டு வயதிலேயே வலிப்புக் கண்டு உயிருக்குப் போராடியவன். பெற்றவள் அம்மன் சந்நிதியில் கிடத்திக் கதறினாள். அன்று அந்தத் தாய் பிச்சையிட்ட உயிரை இன்று தாங்களும் காத்தருள வேண்டும்.’

எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கிவிட்டது.

ஆவடியில் ஒரு டைப்பிஸ்ட். தமிழில் கொடுத்தால் இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பார். அந்த இடம் வந்ததும் விரலை நிறுத்தினார்.

“இன்னாத்துக்கு சார் இது? லாரி மேட்டர்ல அம்மன் மேட்டர் எதுக்கு?”

“நீ அடிப்பா. எழுதினவனுக்குத் தெரியும்.”

“நமக்கு இன்னா... நீ சொன்னா அடிக்கிறேன்” என்று அடித்தார்.

தாமோதரன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

இப்போது சுபேதார் கவரில் இருந்ததைத் தமிழில் சொன்னார். “மனுதாரரே ஒப்புக்கொண்டபடி, இந்த நோய் சின்ன வயசிலேருந்தே இருந்திருக்கு. பட்டாளத்துல சேரும்போது அதை மறைச்சிருக்கார். அதனால முடிவுல மாத்தமில்லை.” காகிதத்தை மடித்தார். “லாரியில விழுந்ததைப் பத்தி ஒரு வரிகூட இல்லவே. உம்ம பாராவை மட்டும்தான் பிடிச்சிருக்கான்.”

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்:

“அவனைக் காப்பாத்துன அம்மனையே அவனுக்கு எதிர்சாட்சியா நிறுத்திட்டு வந்துட்டீங்களா?”



சாயங்காலம் தாமோதரன் வந்தான். “இன்னா மாமா, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?” என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. தமிழில் எழுதின பிரதி இருக்கிறதா, அந்தப் பாராவைப் படியுங்கள் என்றான். படித்தேன். என் குரலில் அதைக் கேட்க எனக்கே நாராசமாக இருந்தது.

அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தான்.

“நல்லாத்தான் எழுதிக்கீறீங்க மாமா.”

எழுந்து போய்விட்டான். அன்று அவன் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு மாமியார் வந்தார். கூடத்தில் உட்கார்ந்ததுமே, “அப்பிடி ஒண்ணும் நடக்கவேயில்லைன்னு நான் கைநாட்டு வெச்சிடறேன் மாப்ளே” என்றார். “அந்த ஆத்தா கோச்சுக்க மாட்டா. புள்ளைக்காவத்தானே பொய் சொல்றேன்?”

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிப் பூரித்த அற்புதத்தை, வாசல் தாண்டி வந்த நிமிஷத்தில் அந்த அம்மாள் விட்டுக்கொடுத்துவிட்டார்.

தாமோதரன்தான் மறித்தான். “வோணாம்மா. நான் மறைச்சேன்னு ஏற்கெனவே எழுதிட்டானுங்க. இப்ப நெசமாவே மறைக்கச் சொல்றியா?”

சுபேதார் வேறு வழி சொன்னார். இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறதாம், டெல்லியில். அவர் சொன்னபடி ஒரு குழந்தை டாக்டரைப் போய்ப் பார்த்தோம். “ஜுரத்துல பிள்ளைங்களுக்கு வர்ற வலிப்பு வேற, தலையில அடிபட்டு வர்றது வேற. ஜுர வலிப்பு நிறைய பிள்ளைங்களுக்கு வரும், போயிடும்” என்று டாக்டர் எழுதியும் கொடுத்தார். கொடுக்கும்போதே, “ஆனா முப்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பிள்ளையை நான் பார்க்கலையேங்க. இதை ஒத்துக்குவாங்களான்னு தெரியாது” என்றார்.

ஒரே ஒரு தரம், ஜுரத்தில் மட்டும், அப்புறம் வரவே இல்லை... இதுதான் நடந்தது. இந்த மூன்றையும் நான் எழுதியிருந்தால்? எழுதவில்லையே. ஜுரம் என்ற வார்த்தையையே விட்டுவிட்டேன். வலிப்பு என்று மட்டும் போட்டால்தான் உருக்கமாக இருக்கும் என்று பட்டது.

வியாழக்கிழமை சுபேதாரே புது மனு எழுதினார். “நீர் பேனாவைத் தொடாதேயும்” என்று சொல்லிவிட்டார். எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். ‘முந்தைய மனுவில் அந்த வரிகளைச் சேர்த்தவன் நான். நேரில் பார்த்தவன் அல்ல. காதால் கேட்டதை, சரியாக விசாரிக்காமல் எழுதினேன்’ என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். இத்தனை வருஷத்தில் நான் எழுதியதிலேயே சின்னது அதுதான். எழுத அதிக நேரம் பிடித்ததும் அதுதான்.

எடுபடுமா? “பத்துக்கு ஒண்ணு தேறினா பெரிசு” என்கிறார் சுபேதார். பதில் வர இன்னும் ஒரு வருஷம் ஆகலாம். அதுவரை தாமோதரன் தினமும் அந்த ஸ்டேஷன் பக்கம்தான் நிற்க வேண்டும். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் வசந்தா வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறாள்.

உங்கள் வீட்டிலும் சர்க்காருக்கு மனு எழுத வேண்டிய நாள் வரலாம். மனசில் இருப்பதையெல்லாம் அந்தத் தாளில் கொட்டிவிடாதீர்கள். படிக்கிறவர் அழுவதற்காக உட்கார்ந்திருக்கவில்லை. அவருக்கு வேண்டிய ஒரு வரியை நம் கண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார். தாமோதரன், பூராடம் என்றேன்.

“வேண்டுதல் எதுனா உண்டா?” என்றார்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.